ஓய்வு நேரக் கைவேலை: தேயிலை மலையில் ஒரு பாய்க்கப்பல்

கேமரன் மலைத் தோட்டத்து வீட்டு வாசலில் நின்றால் தேயிலைச் சரிவுதான் தெரியும், கடல் தெரியாது. ஆனால் அந்தச் சரிவில் முதன்முதலில் கொழுந்து கிள்ளிய நம்மவர்கள் கடல் தாண்டி வந்தவர்கள். கப்பல் என்றால் பெரியவர்களுக்கு ‘ரஜூலா’ நினைவுக்கு வரும். அது நீராவிக் கப்பல். காற்றை மட்டும் நம்பிக் கடல் கடந்த தமிழர் கப்பல்களை இன்று சொல்வார் குறைவு. அவற்றில் ஒன்றை மரத்தில் செய்வோமா?

அதன் பெயர் ‘அன்னபூரணி’. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட, இரண்டு பாய்மரங்கள் கொண்ட கப்பல். நீளம் 89 அடி. வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் அதை வாங்கி, தம் மனைவியின் பெயரால் ‘புளோரன்ஸ் சி. ராபின்சன்’ என்று பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதைச் செலுத்திச் சென்று, அட்லாண்டிக் கடலைக் கடந்து, 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள்.

ஓர் அடிக்கு எட்டில் ஓர் அங்குலம் என்று கணக்கு வைத்தால் நம் கப்பல் 28 சென்டிமீட்டர் நீளம் வரும். அகலம் 6 சென்டிமீட்டர் போதும். அலமாரியில் அடங்கிவிடும்.

மரம்: ஜெலுத்தோங் பலகை வாங்குங்கள். மென்மையானது, நார் நேராக ஓடும், சிறு கத்திக்கும் இணங்கும். ஒரு சென்டிமீட்டர் கனத்தில் நான்கு துண்டுகள் வேண்டும்.

வாங்கிய அன்றே உளியை எடுக்காதீர்கள். மலையில் பனியும் மழையும் ஓயாது. மரம் ஈரத்தைக் குடித்து அகலவாக்கில் உப்பும். அந்த நிலையில் ஒட்டிய கப்பலை ஈப்போவிலுள்ள தங்கை வீட்டுக்குப் பரிசாகக் கொடுத்தால், அங்கே காய்ந்து சுருங்கி மூட்டுகள் வாய் பிளக்கும். கப்பல் எந்த வீட்டில் நிற்கப் போகிறதோ, அந்த வீட்டிலேயே பலகையைச் சில வாரம் காற்றாட வையுங்கள். வாரம் ஒரு முறை சமையலறைத் தராசில் நிறுத்து எழுதுங்கள். எடை மாறாமல் நின்றால் பலகை தயார். அடுப்பருகே வைத்து அவசரமாகக் காய வைத்தால் வெடித்துவிடும்.

உடல்: காகிதத்தை நீளவாக்கில் இரண்டாக மடித்து, கப்பலின் மேல்தோற்றத்தில் பாதியை மட்டும் வரைந்து வெட்டுங்கள். பிரித்தால் இருபுறமும் அச்சாக ஒன்றுபோல இருக்கும். மேல் பலகைக்குப் பெரிய அச்சு. கீழே போகப் போகச் சிறிய அச்சு. நான்கு பலகைகளின் நாரும் அணியத்திலிருந்து பின்பக்கம் நோக்கியே ஓட வேண்டும். ஒன்றைக் குறுக்கே வைத்தாலும் அது வேறு திசையில் உப்பி மற்றவற்றைப் பிளக்கும்.

மேலிரண்டு பலகைகளின் நடுவைக் குடைந்து எடுங்கள். ஓரத்தில் ஒன்றரைச் சென்டிமீட்டர் விடுங்கள். பிறகு வெள்ளைப் பசை தடவி அடுக்கி, பழைய சைக்கிள் டியூப்பை நாடாவாக வெட்டி இறுகச் சுற்றுங்கள். ஈரமான நாளில் பசை காயத் தாமதமாகும். இரண்டு நாள் பொறுங்கள்.

இனி உளி, அரம், உப்புத்தாள். அட்டையில் வளைவு வெட்டி இடப்பக்கம் பொருத்திப் பாருங்கள். அதையே வலப்பக்கமும் பொருத்துங்கள். அணியம், நடு, பின்பக்கம் என மூன்று இடத்திலும் சோதித்தால் கப்பல் கோணாது. வார்னிஷை உள்ளும் புறமும் பூசுங்கள். வெளியே மட்டும் பூசினால், பூசாத பக்கம் ஈரம் குடித்து முறுக்கிக்கொள்ளும். அதன் பின் மெல்லிய பிளைவுட்டால் மேல்தளம் மூடுங்கள். தேயிலை ஏற்றிய அந்தக் காலத்துப் பலகைப் பெட்டி வீட்டில் கிடந்தால் அதுவே போதும்.

பாயும் கயிறும்: பாய்மரத்துக்குக் காய்ந்த மூங்கிலைச் சீவுங்கள். குறுக்குக் கழிகளுக்குச் சாத்தே குச்சி. இரு முனையும் மெலிய உப்புத்தாளில் தேயுங்கள். முன்மரத்தில் குறுக்குக் கழிகளும் சதுரப் பாய்களும். பின்மரத்தில் கப்பலின் நீளவாக்கில் நிற்கும் பெரிய பாய். சுக்கான் பிடி போன்ற சிறு சாமான்களைக் கவாத்து வெட்டிய தேயிலைக் கொம்பில் செதுக்கலாம்; கெட்டியான மரம், நுணுக்கம் தாங்கும்.

பாய்க்குப் பழைய வேட்டித் துணி. வெள்ளை வெளேரென்று இருந்தால் பொம்மை போலத் தோன்றும். கடுந்தேநீரில் முக்கி உலர்த்துங்கள், கடலில் அடிபட்ட நிறம் வந்துவிடும். நூலையும் அப்படியே முக்கி, காய்ந்தபின் தேன்மெழுகில் இழுங்கள். நூலை விறைப்பாகக் கட்டாதீர்கள். ஈரத்தில் நூல் குறுகி மூங்கிலையே வளைத்துவிடும்.

சிறுவர்கள் செய்யும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். கத்தி எப்போதும் உடம்பை விட்டு வெளியே போக வேண்டும்.

கடைசியாக ஒரு வேலை. கப்பலின் பீடத்தில் ஒரு சீட்டு ஒட்டுங்கள். ‘அன்னபூரணி, வல்வெட்டித்துறை, அமெரிக்கா சேர்ந்தது 1938’ என்று எழுதுங்கள். அதன் கீழே, உங்கள் குடும்பத்தில் முதலில் மலாயா வந்தவர் யார், எந்த ஊரிலிருந்து, எந்தக் கப்பலில், எந்த ஆண்டில் என்பதையும் எழுதுங்கள். பாட்டியோ தாத்தாவோ இருந்தால் இன்றைக்கே கேளுங்கள். பலகைக்குக் காத்திருக்கலாம், அதற்குக் காத்திருக்க முடியாது.