கராஜில் ஒரு விமானம்: எந்த மென்பொருளில் வரைவது?

அமெரிக்காவில் வீட்டு கராஜிலேயே விமானம் கட்டிப் பறப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். வேலையில் பாதிக்கு மேல் பொழுதுபோக்காகவோ கற்றுக்கொள்வதற்காகவோ செய்தது என்று காட்டினால், அந்நாட்டு விமானத்துறை அதை ஏற்றுக்கொள்கிறது. பலர் கிட் வாங்கிப் பூட்டுகிறார்கள். தானே வடிவமைக்க ஆசைப்படுபவருக்குத்தான் முதல் தலைவலி: எந்த ‘கேட்’ மென்பொருளில் வரைவது?

திரையில் பளபளவென்று சுழலும் படத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். பட்டறைக்கு வேண்டியது வேறு. அலுமினியத் தகட்டை மடிக்கும்போது மடிப்பின் வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் அழுந்தும். அதைக் கணக்கிட்டு, மடிப்பதற்கு முன் தகடு எந்த அளவில் இருக்க வேண்டும் என்று மென்பொருள் விரித்துக் காட்ட வேண்டும். தையல்காரர் துணியை வெட்டும் கணக்கு மாதிரிதான். இல்லாவிட்டால் ரிவெட் துளைகள் ஒன்றோடொன்று சேராது.

அடுத்தது எடை. ஒவ்வொரு பாகத்துக்கும் உலோகத்தின் அடர்த்தியைக் கொடுத்தால், மொத்த எடையையும் எடை மையத்தையும் மென்பொருளே சொல்லும். அந்த மையம் வரம்பைத் தாண்டிப் பின்னால் போனால், மேலே எழும்பிய மூக்கை விமானியால் இறக்க முடியாமல் போகலாம். விளையாட்டில்லை. (இறக்கை பாரம் தாங்குமா என்பது தனிக் கணக்கு, அழகான படம் அதற்குச் சான்று அல்ல.)

இனி இலவசங்கள். ஃப்யூஷன் பழக எளிது. ஆனால் 2020-ல் ஆட்டோடெஸ்க் அதன் இலவசப் பதிப்பில் திருத்தக்கூடிய கோப்புகளை பத்தாகக் குறைத்தது. மற்ற மென்பொருள்களும் படிக்கும் ‘ஸ்டெப்’ வடிவில் சேமிக்கும் வசதியையும் எடுக்கப்போவதாக அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது. பல வருடம் இழுக்கும் வேலைக்கு இது யோசிக்க வேண்டிய விஷயம். ஆன்ஷேப் பிரவுசரிலேயே ஓடும், போனிலும் திறக்கும். இலவசக் கணக்கில் உங்கள் வரைபடம் ஊருக்கே தெரியும். ஃப்ரீகேட் முதல் மாதம் படுத்தும், தகடு விரிக்கும் வசதியைத் தனியாகச் சேர்க்க வேண்டும். இருந்தாலும் கோப்பு உங்கள் கணினியில், யாரும் பூட்ட முடியாது. என் ஓட்டு அதற்கே. 1.0 பதிப்பு வந்ததே 2024 நவம்பரில்தான். பழைய குறைகளைக் கேட்டு ஒதுக்கிவிடாதீர்கள்.

முடிவெடுக்கும் முன், இறக்கைக்குள் விலா எலும்பு போல நிற்கும் ‘ரிப்’ ஒன்றை மட்டும் மூன்றிலும் வரைந்து, விரித்து, முழு அளவில் அச்செடுங்கள். பிறகு ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள்.