பென்சன் மட்டும்தானா மிச்சம்?

"அவங்களுக்கு என்ன குறை? பிரெஞ்சு பென்சன் வருது!"

வில்லியனூர், பாகூர் பக்கம் இந்தப் பேச்சு வெகு காலமாக உண்டு. பேசுகிறவர் குரலில் கொஞ்சம் பொறாமையும் இருக்கும்.

அந்தப் பென்சன் எப்படி வந்தது? அதற்காகக் கடல் கடந்தவர்கள் அங்கே எப்படி வாழ்ந்தார்கள்? இதை யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும். இப்போதே கேட்க வேண்டும்.

கப்பல் ஏறியவர்கள்

1859-ம் ஆண்டு பிரெஞ்சுப் படை வியட்நாமில் உள்ள சைகோன் நகரைப் பிடித்தது. ஆட்சி நடத்த ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரியும் காரைக்காலும் அப்போது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தன. அங்கே பிரெஞ்சு படித்த தமிழர்கள் இருந்தார்கள். அவர்கள் கப்பல் ஏறினார்கள்.

1881-ல் ஓர் ஆணை வந்தது. திருமணம், சொத்து முதலியவற்றில் தங்கள் பழைய வழக்கத்தை விட்டுவிடுவதாக எழுதிக் கொடுத்தவர்கள், பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ் வந்தார்கள். புதுக் குடும்பப் பெயரும் சூட்டிக்கொண்டார்கள். இவர்களில் பலருக்குச் சைகோனில் உத்தியோகம் கிடைத்தது.

பெரிய பதவி அல்ல. குமாஸ்தா, போலீஸ்காரர், சிறைக் காவலர், வரி வசூலிப்பவர், கலங்கரை விளக்கக் காவலர் போன்ற வேலைகள்தான். பட்டாளத்தில் சேர்ந்தவரை ஊரார் "சொல்தா" என்றார்கள்.

கடலுக்கு அப்பால்

சைகோனில் மாரியம்மனுக்குக் கோயில் எழுந்தது. இன்றும் அங்கே வியட்நாம் மக்கள் வந்து கும்பிடுகிறார்கள். செட்டியார்கள் வட்டித் தொழில் செய்தார்கள். முஸ்லிம்கள் துணிக்கடை வைத்தார்கள். சிலர் பால் மாடு வளர்த்தார்கள். தமிழர் ஓட்டிய குதிரை வண்டிக்கு "மலபார்" என்றே பெயர்!

சிலர் வியட்நாம் பெண்களை மணந்தார்கள். அந்த நாட்டுச் சமையலும் புதுச்சேரிக்கு வந்தது. "நெம்" என்ற பொரித்த பலகாரம் அப்படி வந்ததுதான்.

கலைந்த கூடு

1954-ல் வியட்நாமில் பிரெஞ்சுப் படை தோற்றது. அதே ஆண்டு நவம்பர் 1-ந் தேதி புதுச்சேரி நிர்வாகமும் இந்தியாவிடம் வந்தது. ஒரே ஆண்டில் இரு பக்கமும் காலடி மண் நகர்ந்தது!

1962 ஆகஸ்டு 16-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் எழுதிக் கொடுக்க ஆறு மாதம் தவணை தரப்பட்டது. 1975-ல் சைகோன் வீழ்ந்தபின் அங்கே எஞ்சியிருந்தவர்களிலும் பலர் வெளியேறினார்கள்.

மறைக்க வேண்டாம்

இவர்கள் அன்னிய ஆட்சிக்காக, அடிமைப்பட்ட இன்னொரு மக்களிடம் வரி வசூலித்தார்கள். அது உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. பிழைப்புக்காகப் பெற்ற தாயைப் பிரிந்து போனதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அது வரலாறு.

பாட்டியைக் கேளுங்கள்

சர்க்கார் ஏடுகளில் பெயரும் சம்பளமும் இருக்கும். அந்த வீட்டில் பொங்கல் எப்படிப் பொங்கியது, பிள்ளைகள் எந்த மொழியில் சண்டை போட்டார்கள் என்பது இருக்காது. அது பாட்டியின் நினைவில்தான் இருக்கிறது. 1954-ல் பத்து வயதுச் சிறுமியாக இருந்தவர் இன்று எண்பதைத் தாண்டிவிட்டார்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பாட்டி சொல்லட்டும், பேத்தி எழுதட்டும். பழைய படங்களின் பின்னால் பெயரையும் ஆண்டையும் குறித்து வையுங்கள். தாத்தாவின் கடிதங்களைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

பென்சன் ஒரு தலைமுறையோடு நின்றுவிடும். எழுதி வைத்த கதை நிற்காது!