அலுமாரிக்குள் கிடக்கும் மலையகச் சஞ்சிகைகள்

அப்புத்தளை மலைகளின் மூடுபனியும் ஈரமும் தேயிலைக்கு உகந்தவை, காகிதத்துக்கு ஆகாதவை. லயக் காம்பராவின் தகரப் பெட்டியிலோ குருமனை அலுமாரியிலோ இருபது வருடம் கிடந்த ஒரு சஞ்சிகையை எடுத்துப் பார்த்தால், ஓரம் பூஞ்சணம் பிடித்து, கம்பி துருவேறி, நடுப்பக்கம் கறையானுக்கு இரையாகியிருக்கும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது லயங்களே புதையுண்டன. 2025 நவம்பரில் 'டித்வா' சூறாவளியும் பதுளை மாவட்டத்தை விட்டுவைக்கவில்லை. உயிரிழப்பின் முன்னே காகிதத்தைப் பற்றிப் பேசுவது சிறுமையாகத் தோன்றலாம். ஆனால் தப்பியவர்கள் மீண்டும் வாழத் தொடங்கும்போது முதலில் கேட்கப்படுவதும் காகிதமே.

இது எம் மக்களுக்குப் புதிதல்ல. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் எம்மவரிடம் கேட்டது, தகப்பன் இங்கே பிறந்ததற்கான அத்தாட்சியைத்தான். அது இல்லாதவர்கள் நாடற்றவர்களாயினர். 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர் குடும்பங்கள் இராமேஸ்வரத்துக்குக் கப்பலேறியபோது எத்தனை கடிதங்களும் புத்தகங்களும் கைவிடப்பட்டிருக்கும்! 1977இலும் 1983இலும் வீடுகளோடு எரிந்தவை வேறு.

எஞ்சியிருப்பவற்றில் சஞ்சிகைகளுக்குத் தனி இடம் உண்டு. கோ. நடேசய்யர் 1920களில் பத்திரிகை நடத்தியே தோட்டத் தொழிலாளரின் குறைகளை வெளியுலகுக்குக் கொண்டுவந்தார். பிற்காலத்தில் தோட்டப் பிரதேசங்களுக்கான கூட்டுச் செயலகம் கண்டியிலிருந்து 'குன்றின் குரல்' வெளியிட்டது. அந்தனி ஜீவா 'கொழுந்து' சஞ்சிகையை நடத்தினார். அரசாங்க அறிக்கைகளில் நாம் தொகையாக மட்டுமே வருகிறோம். எம்மவர் பெயரோடும் பேச்சோடும் வருவது இத்தகைய ஏடுகளில்தான்.

இவற்றைப் பாதுகாக்க இன்று வழி இருக்கிறது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் சுமார் 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டதை அறிவோம். 2005இல் சில தமிழ் இளைஞர்கள் தொடங்கிய 'நூலகம்' என்னும் இணைய நூலகத்தில் இன்று ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஈழத்து ஆவணங்கள் எண்ணிமப்படுத்தப்பட்டு, கட்டணமின்றி வாசிக்கக் கிடைக்கின்றன. 'குன்றின் குரல்' இதழ்கள் பலவும் அங்குள்ளன. தமிழகத்து ஆய்வாளரும் கனடாவிலுள்ள பேரப்பிள்ளையும் அவற்றைத் திறந்து பார்க்கலாம். பார்க்கிறார்களா என்பது வேறு கேள்வி.

ஒரு விடயத்தை நாம் வலியுறுத்த விரும்புகிறோம். ஒரு சஞ்சிகையிலிருந்து நல்ல கட்டுரை இரண்டை மட்டும் பிரித்தெடுத்துப் போடுவது பாதுகாப்பு ஆகாது. முதல் இதழ் முதல் கடைசி இதழ் வரை, அட்டை, விலை, விளம்பரம், வாசகர் கடிதம் உட்பட, வரிசை குலையாமல் ஒரே தொகுப்பாக இருக்க வேண்டும். 1984இல் தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் வந்தது. அதைப் பற்றி மக்கள் அப்போது என்ன பேசினார்கள் என்று தேடுபவருக்குத் தலையங்கத்தைவிட அடுத்த இதழின் வாசகர் கடிதம் அதிகம் சொல்லக்கூடும். விடுபட்ட இதழ் எது என்பதும் தொகுப்பிலே தெரிய வேண்டும். தெரிந்தால்தான் யாராவது தேடித் தருவார்கள்.

இன்னொரு ஆபத்தைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 1990களில் எமது பங்குகளும் நிறுவனங்களும் கணினியில் அச்சுக்கோத்தவை பெரும்பாலும் 'பாமினி' போன்ற எழுத்துருக்களில் உள்ளன. அந்தக் கோப்பை இன்று திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும். யூனிகோட்டுக்கு மாற்றினால் மீண்டும் வாசிக்கலாம், சொல் கொடுத்துத் தேடவும் செய்யலாம். ஆனால் அவை நெகிழ்வட்டுகளில் கிடக்கின்றன. அவற்றை வாசிக்கும் கருவியோ அரிதாகிவிட்டது. அச்சடித்த தாளைவிட இவையே முந்தி அழியும்.

எல்லாவற்றையும் இணையத்தில் போட்டுவிட வேண்டும் என்பதும் எமது கருத்தல்ல. ஞானஸ்நானப் பதிவேடுகளிலும் உதவி கேட்டு வந்த கடிதங்களிலும் தனியாட்களின் அந்தரங்கம் இருக்கிறது. அவை பிரதியெடுக்கப்பட்டுப் பூட்டில் இருக்கட்டும். எழுத்தாளரின் உரிமையும் உண்டு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அது அவர் மறைந்து எழுபது ஆண்டுகள் வரை நீடிக்கும். அனுமதிக் கடிதம் ஒன்று வாங்குவது பெரிய வேலையல்ல. எழுதியவர் உயிரோடு இருக்கும்போதே வாங்கிவிட வேண்டும்.

தோட்டத்தில் சிக்னலும் இல்லை, டேட்டா வாங்கக் காசும் இல்லை, யாருக்காக இந்த வேலை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆகவே இணையத்தில் ஏற்றும் அதே தொகுப்பை ஒரு பென்டிரைவில் போட்டுத் தோட்டப் பாடசாலைக்கும் சனசமூக நிலையத்துக்கும் கொடுக்க வேண்டும். பல வருட இதழ்கள் விரல் நீளப் பொருளில் அடங்கும். க.பொ.த. உயர்தரப் பிள்ளை தன் தோட்டத்தின் பெயரைத் தேடிப் பார்க்கட்டும்.

ஸ்கேன் செய்த பின் மூலப் பிரதியை எறிந்துவிட வேண்டாம். இக்காலாண்டிதழ் உட்பட, ஊவாவில் வெளிவந்த எந்தத் தமிழ்ச் சஞ்சிகையின் பழைய இதழாவது உங்கள் வீட்டில் இருந்தால், கிழிந்ததாயினும் சரி, மழைக்கு முன் உங்கள் பங்கு அலுவலகத்தில் தெரிவியுங்கள்.