பதினாறு வயதின் பயம்

எங்கள் குமாரலிங்கபுரத்தில், என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி வசிக்கும் பத்தாம் வகுப்புப் பெண்ணொருத்தி, மதுரையில் வேலை பார்க்கும் தமையன் வாங்கித் தந்த இரண்டு ஆங்கில நாவல்களை, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பாடப் புத்தகத்துக்கும் காட்டாத சிரத்தையோடு வாசித்து வந்தாள். அவை பேய்க்கதைகள் என்ற ஒரே ஹேதுவினால் பள்ளிக்கூடத்தில் அவற்றைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, தாயாரை வரவழைத்துக் கண்டித்து அனுப்பினார்கள் என்ற செய்தி இந்த வாரம் முழுவதும் என் மனத்தை விட்டு அகலவில்லை. புத்தகங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டு நேரே என்னிடம் வந்த அந்தத் தாய், "அண்ணாச்சி, இதையெல்லாம் படிச்சா பிள்ளைக்குக் காத்துக்கருப்பு அண்டிராதா? ஒருக்கப் படிச்சுப் பாத்துச் சொல்லுங்க" என்றாள். மூன்று இரவுகளில் இரண்டையும் படித்து முடித்தேன்.

முதலாவது, ஸ்டீபன் கிங் 1974-ல் வெளியிட்ட 'கேரி'. பள்ளி ஆசிரியராக இருந்த அவர், எழுதத் தொடங்கிய சில பக்கங்களைக் கசக்கிக் குப்பைக்கூடையில் எறிந்துவிட, மனைவி டபிதா அவற்றை எடுத்துப் படித்துப் பார்த்து மேலே எழுதச் சொன்னார் என்பது இலக்கிய உலகம் அறிந்த விருத்தாந்தம். தொடாமலே பொருள்களை அசைக்கவல்ல பதினாறு வயதுப் பெண் கேரி, தன்னை அவமதித்த ஊரையே எரித்துவிடுகிறாள். ஆயினும் என்னை உலுக்கியது அந்த நெருப்பன்று. பெண் பருவமடைவது இன்னதென்று தாயால் சொல்லப்படாத அந்தக் குழந்தை, பள்ளிக்கூடத்துக் குளியலறையில் தன் உதிரத்தைத் தானே கண்டு, சாகப்போகிறோம் என்று அலறும்போது, சுற்றி நின்ற தோழிகள் கைகொட்டிச் சிரிக்கிறார்களே, அந்தத் தொடக்கந்தான் நாவலின் மெய்யான பயங்கரம்.

அதைப் படித்தபோது எங்கள் கரிசல் காட்டு வீடுகளை நினையாதிருக்க முடியவில்லை. பெண் சமைந்ததும் குச்சுக் கட்டி உட்கார வைக்கிறோம். வாசலில் உலக்கையைக் குறுக்கே போடுகிறோம். வெளியே புறப்பட்டால் கையில் ஓர் இரும்புத் துண்டும் வேப்பிலையும் கொடுத்தனுப்புகிறோம். எதற்கு அஞ்சுகிறாள் என்று அவளைக் கேளாமலே, அச்சத்துக்கு உரிய ஆயுதத்தை மட்டும் கையில் திணித்துவிடுகிறோம். இப்பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்கள் கோடாங்கிமாரோடு எனக்குள்ள பழைய வழக்கை அறிவார்கள். அதை இன்னொரு முறை சொல்வதற்கு அவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பதினாலு, பதினைந்து பிராயத்துப் பெண் ஒருத்தி கண் செருகி விழுந்தால், உடுக்கடித்து, முடியைப் பிடித்து உலுக்கி, வேப்பங்குழையால் அடித்து, "யார் நீ, எந்த ஊர், எதற்கு வந்தாய்?" என்று அவள்மீது ஏறியதாகச் சொல்லப்படும் பேயை இரவெல்லாம் விசாரிக்கிறார்கள். இல்லாத பேய்க்குக் கிடைக்கும் அந்த விசாரணையில் நூற்றில் ஒரு பங்கு அந்தப் பெண்ணுக்குக் கிடைப்பதில்லை. உனக்கு என்ன பயம் அம்மா என்று ஒருவர் அருகில் உட்கார்ந்து கேட்டிருந்தால், பல வீடுகளில் உடுக்கைக்கு வேலையே இருந்திராது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அப்படிக் கேட்கிற ஒருவர் இரண்டாவது நாவலில் இருக்கிறார். ரே பிராட்பரி 1962-ல் எழுதிய அந்தக் கதையில், பதினான்கு வயது நிரம்பச் சில தினங்களே இருக்கும் இரண்டு சிறுவர்கள், தங்கள் ஊருக்கு வந்திறங்கிய களியாட்டக் கூடாரத்தில், சுற்றும் திசைக்கேற்ப ஏறியவரின் வயதைக் கூட்டவும் குறைக்கவும் வல்ல குடைராட்டினம் ஒன்றைக் கண்டு நடுங்குகிறார்கள். அவர்களில் ஒருவனுடைய, நூலகத்தில் துப்புரவுப் பணி செய்யும், வயது முதிர்ந்த தகப்பனார் அவர்கள் சொல்வதை முழுவதும் கேட்கிறார், கேட்டு, நம்புகிறார். முதுமையையும் மரணத்தையும் எண்ணித் தானும் அஞ்சுகிறவர் ஆகையால், பிள்ளைகளின் அச்சம் அவருக்கு அற்பமாகத் தோன்றவில்லை.

இவ்விடத்தில், மரணத்துக்கு அஞ்சிய வேறொரு பிள்ளை நினைவுக்கு வரவே, புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, மறுநாள் காலை அருப்புக்கோட்டையில் பஸ் ஏறி, அவன் பிறந்த திருச்சுழிக்குப் போனேன். பள்ளிக்கூடத்து விஷயத்தைப் பற்றி எழுதவே இந்த வாரம் உட்கார்ந்தேன். ஆனால், நம் வறண்ட சீமையிலே பிறந்த ஒரு பையனை அடைந்த பயத்தின்முன் அது எனக்குச் சிறிதாகிவிட்டது. 1879 டிசம்பர் 30-ம் தேதி அவ்வூரில் பிறந்த வேங்கடராமன், பன்னிரண்டு வயதில் தந்தையை இழந்து, மதுரையில் சிறிய தகப்பனார் வீட்டில் தங்கிப் படித்தவன். விழித்திருக்கும்போது அவனிடம் நெருங்கத் துணியாத தோழர்கள், தூங்கும்போது தூக்கிக்கொண்டுபோய் அடித்துவிட்டுத் திரும்பக் கிடத்தினாலும் காலையில் ஒன்றும் அறியாதவனாய் எழுந்திருக்கும் ஆழ்ந்த உறக்கம் உடையவன். 1896 ஜூலையில், சொக்கப்ப நாயக்கன் தெருவிலுள்ள அவ்வீட்டின் மாடி அறையில் தனியே உட்கார்ந்திருந்தபோது, தேகத்தில் யாதொரு நோயும் இல்லாதிருக்க, இதோ சாகப்போகிறோம் என்ற பயம் திடீரென்று அந்தப் பதினாறு வயதுப் பிள்ளையைப் பிடித்தது. வைத்தியரையோ பெரியவர்களையோ அவன் தேடிப் போகவில்லை. தரையில் படுத்து, கைகால்களைப் பிணம்போல் விறைப்பாக நீட்டி, உதடுகளை இறுக மூடி, மூச்சை அடக்கிக்கொண்டு, இந்த உடல் செத்தால் சாவது நானா என்று தன்னையே கேட்டுக்கொண்டான். பயம் அந்தக் கேள்வியிலேயே அஸ்தமித்தது. பின்னாளில் அவனை உலகம் ரமண மகரிஷி என்று அழைத்தது. ஆனால், அப்போது வீட்டாரும் ஆசிரியரும் கண்டது, பாடத்தில் கவனமற்றுப்போன ஒரு மாணவனை மட்டுமே. அடுத்த மாதம் 29-ம் தேதி அவன் வீட்டைவிட்டுப் புறப்பட்டது, ஆங்கில இலக்கணப் பாடம் ஒன்றை மூன்று தடவை எழுதிவரும்படி இடப்பட்ட தண்டனையைப் பாதியில் நிறுத்திவிட்டுத்தான்.

அவன் பிறந்த வீடான சுந்தர மந்திரத்தின் குளிர்ந்த தரையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மரணத்தின் முதல் அறிமுகம் மனிதனுக்கு யௌவனத்தின் வாசலிலேதான் நேருகிறது. கிழவர்களாகிய நாங்கள் பழகிப்போய் மறந்துவிட்ட அந்தத் திகிலை இளம்பிள்ளைகள் புதிதாக, முழுவதுமாக, ஏகாந்தத்தில் அனுபவிக்கிறார்கள். நல்ல பயங்கர நாவல் அவர்களுக்குத் துணையிருக்கிறதேயொழியப் பயத்தைப் புதிதாகக் கொண்டுவந்து வைப்பதில்லை.

மாலையில் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து அந்தப் பெண்ணிடம் திருச்சுழிப் பையனின் கதையைச் சொன்னேன். முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டவள், "ஏன் தாத்தா, அவுக கீழ இருந்தவுகள ஒரு சத்தம் கூப்பிடல?" என்றாள். அவருக்கு அப்படித் தோன்றவில்லையாம் என்றேன்.

"எனக்கெல்லாம் கூப்பிடணும்னுதான் தோணும்."

நிலைப்படியில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த தாய், "கூப்பிட வேண்டியதுதான, நான் உள்ளதான இருக்கேன்" என்று சொல்லி, அந்த இரண்டு புத்தகங்களையும் என் கையிலிருந்து வாங்கி மகளிடம் கொடுத்தாள்.