என்ன வேலை பார்க்கறீங்க?

சில வருடங்களுக்கு முன் ஒரு பெண்மணி தன் கணவரை என்னிடம் அழைத்து வந்தார். அவருக்கு வயது முப்பத்தைந்து. ராத்திரியானால் மூச்சு இழுப்பு, நெஞ்சில் விசில் சத்தம். "பனி ஒத்துக்கலை டாக்டர்" என்றார் அந்த அம்மா. ஆடாதோடை, தூதுவளை சேர்ந்த மருந்து கொடுத்தேன். பொங்கல் லீவில் நன்றாக இருந்தார். வேலைக்குப் போன மூணாம் நாளே மறுபடி இழுப்பு! முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அப்போதுதான் கேட்டேன்: "என்ன வேலை பார்க்கறீங்க?"

சலவைத் தூள் தயாரிக்கும் இடத்தில், என்சைம் மூட்டையைப் பிரித்துக் கொட்டும் வேலை!

நோயாளியின் தொழிலைக் கேளுங்கள் என்று இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி 1700-ம் வருடமே எழுதி வைத்தார். கேட்காமல் விட்டது என் தப்புதான்.

ரத்தக் கறை, முட்டைக் கறை போன்றவற்றைக் கரைக்கவே சலவைத் தூளில் என்சைம் சேர்க்கிறார்கள். பாக்டீரியாவிலிருந்து எடுக்கப்படும் புரதம் இது. நைஸான தூசாகப் பறந்து மூச்சுக் குழாயில் புகுந்தால், உடம்பு அதைப் பகையாளியாகப் பார்க்க ஆரம்பிக்கும். அதற்குச் சில மாதங்கள், ஏன், வருடங்கள்கூட ஆகலாம். அப்புறம் துளித் தூசு போதும், இழுப்பு வந்துவிடும்.

இங்கிலாந்துத் தொழிற்சாலை ஊழியர்களுக்கு இப்படி வந்த நோயை டாக்டர் ஃபிளிண்ட் 1969-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார். அதன்பின் என்சைமைக் குருணையாக்கி மேல்பூச்சு போட்டார்கள். இயந்திரங்களை மூடினார்கள். நோய் வெகுவாகக் குறைந்தது. ஆனால் ஒழியவில்லை. மேல்பூச்சுக் குருணை மட்டுமே பயன்படுத்திய நவீன தொழிற்சாலையிலும் பலருக்கு ஆஸ்துமா வந்ததை 2000-ல் அதே இதழ் வெளியிட்டது. குருணை நொறுங்கினால் மறுபடி தூசுதானே!

இல்லத்தரசிகள் பயப்பட வேண்டாம். வீட்டில் துவைப்பவருக்கு இந்த ஆபத்து மிகமிகக் குறைவு. கை எரிச்சல், வறட்சிக்குப் பெரும்பாலும் சோப்புக் காரமே காரணம். ஆபத்து, மூட்டை பிரிப்பவருக்கும் இயந்திரம் துடைப்பவருக்கும்தான்.

ஆகவே, உங்கள் வீட்டில் யாருக்காவது புதிதாக இழுப்பு வந்தால் கவனியுங்கள். லீவு நாளில் குறைகிறதா? வேலை நாளில், முக்கியமாக ராத்திரியில், கூடுகிறதா? நெஞ்சு நோய் நிபுணரிடம் தொழிலைச் சொல்லி, மூச்சுத் திறன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். என் மருந்தை நம்பி இன்ஹேலரை நிறுத்திவிடாதீர்கள். சித்த மருத்துவன் நானே சொல்கிறேன்.

முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. முகமூடி கொடுத்தால் கடமை முடிந்துவிடாது. தூசு வெளியே வராமல் மூடுவதுதான் முதல் வேலை. சிந்தியதை விளக்குமாற்றால் பெருக்கிப் பறக்க விடாதீர்கள். காரணத்தை அப்படியே விட்டுவிட்டு மருந்து கொடுப்பது, ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற கதை.

அந்த நோயாளியை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். இழுப்பு மெல்ல மெல்லக் குறைந்தது. சீக்கிரம் விலகினால்தான் இந்த வாய்ப்பு. வருடக்கணக்கில் தூசிலேயே கிடந்தால், வேலையை விட்ட பிறகும் ஆஸ்துமா விடாது.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள், என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று.