பசுமையெல்லாம் காடாகுமா?

வெளுத்ததெல்லாம் பாலாகாது என்பதைத் தமிழ்ப்பள்ளி மாணவர் அறிவர். பசுத்ததெல்லாம் காடாகாது என்பதையோ அவர்களுக்கு எவரும் சொல்லித் தருவதில்லை. ‘காடுகளைக் காப்போம்’ என்னும் தலைப்பில் ஆண்டுதோறும் கட்டுரைகள் எழுதப்படுகின்றன. மரம் நடுக, மரத்தை வெட்டற்க என்னும் இரண்டு அறிவுரைகளோடு அவற்றுட் பெரும்பாலானவை முடிந்துவிடுகின்றன. இவை எங்கும் எக்காலத்தும் பொருந்தும் என்று நம்பவைப்பது கல்வியாகாது. சான்று வேண்டுவோர் தமிழகத்தின் முதுமலையை நோக்குக.

நீலகிரி மாவட்டத்தில், கேரள, கருநாடக எல்லைகளை ஒட்டி அமைந்த முதுமலை, 1940இல் விலங்குப் புகலிடமாகவும் 2007இல் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பெற்றது. தேக்கு, வெக்காலி, கருமருது, வேங்கை முதலிய மரங்கள் செறிந்த அதன் பெரும்பகுதி இலையுதிர் காடாகும். ஆண்டின் தொடக்க மாதங்களில் வறட்சி முற்றும்போது, மரங்கள் இலையை உதிர்த்து நீரைச் சேமிக்கின்றன. வெற்றுக் கிளைகளின் ஊடே வெயில் தரையைத் தொடுகிறது. கோடை மழை விழுந்ததும் அத்தரையில் புல் தளிர்க்கிறது. புல்லை நம்பிப் புள்ளிமானும் காட்டுமாடும் யானையும் வாழ்கின்றன. மானையும் மாட்டையும் நம்பிப் புலி வாழ்கிறது.

பச்சை மாறாத மழைக்காட்டு நாடாகிய மலேசியாவில் வளரும் மாணவனுக்கு, இலையற்ற காடு செத்த காடாகத் தோன்றக்கூடும். முல்லையும் குறிஞ்சியும் வேனிலில் திரிந்து பாலை வடிவம் கொள்ளும் என்னும் சிலப்பதிகாரச் செய்தியைக் கற்பிக்கும் ஆசிரியரே அம்மயக்கத்தைத் தீர்க்க வல்லவர். வறட்சி அக்காட்டின் நோயன்று, அதன் பருவம்.

முதுமலையின் உண்மையான நோய் பச்சை நிறத்தில் வந்தது. அமெரிக்க வெப்பநாடுகளைத் தாயகமாகக் கொண்ட உண்ணிச்செடி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காகக் கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்திற்குக் கொண்டுவரப்பட்டது. பறவைகள் அதன் கனியை உண்டு விதையைப் பரப்ப, அது காடுகளிற் புகுந்தது. அதன் இலை தின்ற கால்நடைகளின் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சுடையது. மான்கள் அதனை ஒதுக்க, புல்வெளி புதராகிறது. காய்ந்த தண்டுகளோ தரைத்தீயை மேலே ஏற்றுகின்றன. அதனைத் தொடர்ந்தது மஞ்சள் கொன்றை. இது தமிழர் அறிந்த சரக்கொன்றையன்று. அழகுக்கும் நிழலுக்குமாக நடப்பட்ட தென்னமெரிக்க மரம். வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து பலவாகத் துளிர்க்கும். அடர்ந்த நிழலால் கீழுள்ள புல்லை ஒழிக்கும்.

“அதுவும் உயிர்தானே, ஏன் வெட்ட வேண்டும்?” என வினவுவோர் உளர். களையும் உயிரே, அதற்காக எந்த உழவனும் வயலைக் களைக்கு விட்டுக் கொடுத்ததில்லை. புதரில் பறவைக்கு இரையும் விலங்குக்கு மறைவும் உண்டு என்பர். மெய்யே. ஆயினும், ஒளிய இடமிருந்தும் உண்ணப் புல்லில்லாத மான் எத்தனை நாள் உயிர்வாழும்? மரம் நட்டாலே போதும் என்பாருக்கு ஒரு வினா: மஞ்சள் கொன்றையை நட்டவரும் மரம் நட்டவரே அன்றோ?

தமிழக அரசு அம்மரத்தை அகற்றிக் காகிதக் கூழாக்க ஏற்பாடு செய்துள்ளது. உண்ணிச்செடித் தண்டுகளால் நீலகிரிப் பழங்குடியினர் செய்த யானை உருவங்கள் 2021இல் இலண்டன் பூங்காக்களில் காட்சிக்கு வைக்கப்பட்டன. இவை பாராட்டத்தக்கவை. ஆனால், வெட்டியதோடு பணி முடிந்ததெனக் கருதுவது பேதைமை. வேரோடு களைந்து, மீண்டும் முளைப்பனவற்றை ஆண்டுதோறும் பிடுங்கி, மண்ணுக்குரிய புல்லும் மரமும் மீள வழிசெய்வதே காப்பாகும். முதுமலையில் 50 எக்டர் நிலத்து மரங்களை ஒவ்வொன்றாக எண்ணியிட்டு அளக்கும் ஆய்வை அறிவியலார் 1988இல் தொடங்கினர். காட்டைக் காக்க விழைவோர்க்கு வேண்டுவது அத்தகைய பொறுமையே. ஒருநாள் மரநடு விழா அன்று.

ஆதலின், தமிழாசிரியர் கட்டுரைத் தலைப்பை மாற்ற வேண்டியதில்லை. கேட்கும் வினாவை மாற்றட்டும். “எத்தனை மரம் நட்டாய்?” என்பதை விடுத்து, “அம்மரத்தின் தாயகம் எது? அதனை உண்ணும் உயிர் எது? அதன் நிழலில் வாழ்வது எது, மடிவது எது?” எனக் கேட்கட்டும். இவற்றுக்கு விடை தேடிப் பழகிய மாணவன் காட்டைக் காப்பான். பழகாதவன் பச்சை நிறத்தைக் காத்துவிட்டுக் காட்டை இழப்பான்.