தானே ஓடும் படம்

திண்டிவனத்தில் ரயில் ஏறி விழுப்புரம் போகிறவர்களுக்கு இது பழக்கம். ஊர் வந்துவிட்டதென்று பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நிற்போம். வண்டி ஸ்டேஷனுக்கு வெளியிலேயே நின்றுவிடும். செங்கல்பட்டு, விருத்தாசலம், கடலூர், புதுச்சேரி, காட்பாடி என ஐந்து பக்கத்துப் பாதைகளும் சேருகிற இடமாயிற்றே!

அங்கே பச்சை விளக்கு ஒருவர் நினைத்தவுடன் விழுந்துவிடாது. ஒரு வண்டி உள்ளே வர எந்தெந்த பாயிண்ட் எந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும், எந்தத் தண்டவாளம் காலியாக இருக்க வேண்டும், எந்த சிக்னல் சிவப்பில் நிற்க வேண்டும் என்று முதலில் ஓர் அட்டவணை தயாரிப்பார்கள். பிறகு அந்த அட்டவணையையே ரிலே இணைப்பாகவோ கம்ப்யூட்டர் புரோகிராமாகவோ ஆக்கிவிடுவார்கள். பெயர் இன்டர்லாக்கிங். ஒரு நிபந்தனை குறைந்தாலும் சிவப்புதான்.

சாஃப்ட்வேர்க்காரர்கள் 'இயங்கும் மாதிரி' என்று சொல்வதும் இதைத்தான். ஆபீஸ் சுவரில் மாட்டிய படம், வேலை எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும். நடப்பது வேறாக இருக்கும். இயங்கும் மாதிரியில் அந்தப் படமே வேலையை நடத்தும். அலுவலக வேலைகளை வட்டமும் கட்டமுமாக வரைய 'பி.பி.எம்.என்.' என்று ஒரு குறியீட்டு முறை உண்டு. 2011-ல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில், வரைந்த படத்தையே கம்ப்யூட்டரில் ஓட்டவும் வழி செய்தார்கள்.

நமக்கு எதற்கு இதெல்லாம் என்கிறீர்களா? பட்டாவுக்கு!

திண்டிவனம் பக்கம் என் சித்தப்பா கொஞ்சம் நிலம் வாங்கினார். பக்கத்து நிலத்தை வாங்கியவருக்குப் பத்திரம் பதிந்த கையோடு பட்டாவில் பெயர் மாறிவிட்டது. இவருக்கு மாறவில்லை. "யாரைப் பாக்கணும்னு சொல்லுப்பா" என்று என்னிடம் கேட்டார். யாரையும் பார்த்து ஆகிற காரியம் இல்லை அது. விற்றவர் பெயரிலேயே பட்டா இருந்து, உட்பிரிவு செய்யத் தேவையில்லாமல் முழு நிலமும் கைமாறினால்தான் தானியங்கி மாறுதல் நடக்கும். சித்தப்பாவுக்கு விற்றவர் பாகப்பிரிவினையில் வந்த பாதியைத்தான் விற்றிருந்தார். பட்டாவோ இறந்துபோன அவருடைய அப்பா பெயரில். இரண்டு நிபந்தனையும் அடிபட்டுவிட்டது.

அப்படியானால் மாதிரியின் அடுத்த கிளை. விண்ணப்பம் போட வேண்டும். விற்றவரின் அப்பாவுக்கு வாரிசுச் சான்று வேண்டும். சர்வேயர் நேரில் வந்து அளந்து புலப்படத்தில் புதுக் கோடு போட வேண்டும். அதன்பிறகே புது உட்பிரிவு எண்ணும் பட்டாவும். மாதக்கணக்கில் நடந்தார். பத்திரத்துக்குக் கொடுத்த பணம் கொடுத்ததுதான், பட்டா இல்லாததால் நினைத்த கடன் மட்டும் தள்ளிப்போனது.

எனக்கு இதில் இரண்டு மனசு. 'பார்த்துச் செய்யுங்க' என்று தலையைச் சொறிகிற இடம் குறைந்ததில் மகிழ்ச்சிதான். ஆனால் ரயிலுக்கு எல்லா நிலையையும் முன்கூட்டி எழுதிவிடலாம். குடும்பச் சொத்துக்கு முடியுமா? பத்திரத்தில் 'முருகேசன்', பட்டாவில் 'முருகேச கவுண்டர்' என்றிருந்தால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஊருக்கே தெரியும், பெட்டிக்குத் தெரியாது. அதனால் எந்தப் படத்திலும் மனிதரிடம் போகிற ஒரு கதவு இருந்தே ஆக வேண்டும். பட்டாவுக்கு அது சட்டத்திலேயே இருக்கிறது. 1983-ம் வருட பட்டா பாஸ் புத்தகச் சட்டப்படி வட்டாட்சியரின் உத்தரவு பிடிக்காவிட்டால் கோட்ட அளவில் மேல்முறையீடு, அதற்கும் மேலே மாவட்ட வருவாய் அலுவலர். விழுப்புரம் மாவட்டத்தில் விழுப்புரம், திண்டிவனம் என்று இரண்டு கோட்டங்கள்.

சித்தப்பா இப்போது அதை ஒட்டி இன்னொரு துண்டு நிலம் பார்க்கிறார். அட்வான்ஸ் பேசுவதற்கு முன்பே சர்வே எண்ணைக் கேட்டு வாங்கி, பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று போனில் பார்த்துவிட்டார். தாத்தா பெயர்! "முதல்ல உங்க பேருக்கு மாத்திட்டு வாங்க தம்பி, அப்புறம் பேசலாம்" என்று விற்பவரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்.